ஏழாம் அத்தியாயத்தின் மறுபாதி: சிறுவர் நூல் ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

உங்கள் சிறுவர் சாகச வரிசையில் வந்த விமானிகள் புத்தகத்தை ஒரு வரிகூட மாற்றாமல் மறுபதிப்பு செய்யப்போவதாகவும், இந்த முறை பள்ளி நூலகங்களுக்கும் அனுப்பப்போவதாகவும் போன வாரம் எனக்குப் பதில் எழுதியிருந்தீர்கள். என்னால் அதைப் படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை. ஏழாம் அத்தியாயத்தில் விட்டுப்போன போர்க்காலப் பகுதியைச் சேர்க்கச் சொல்லி இதற்கு முன் இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன், ஒருமுறை தொலைபேசியில் பேசினேன். "சின்னப் பிள்ளைங்க படிக்கிற புத்தகம், அதுல எதுக்கும்மா கொலை, படுகொலையெல்லாம்?" என்று கேட்டார் உங்கள் தரப்பில் பேசியவர். அதட்டலாக இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார். அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. அதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி வைக்கவில்லை நீங்கள்.

ஏழாம் அத்தியாயம் வடகிழக்கு ஐரோப்பிய நாடான லாத்வியாவின் விமானி ஹெர்பர்ட்ஸ் சுக்குர்ஸ் பற்றியது. பன்னிரண்டு பக்கம். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1900இல் லியெபாயா துறைமுக நகரில் பிறந்தவர், ராணுவ விமானப் பிரிவில் இருந்தவர், பழைய எஞ்சின் ஒன்றை வைத்துத் தன் கையாலேயே ஒரு சிறு விமானம் கட்டியவர். 1933இல் அதை எடுத்துக்கொண்டு தன்னந்தனியாக லாத்வியாவிலிருந்து ஆப்பிரிக்காவின் காம்பியா வரை பறந்தார். ஏன் காம்பியா என்பதையும் அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள். 1651இல் கூர்லாந்துக் கோமகன் யாக்கோபு அனுப்பிய கப்பல்கள் அங்கே ஆற்றின் நடுவே ஒரு சிறு தீவில் கோட்டை கட்டின. இன்றைய லாத்வியாவின் மேற்குப் பகுதிதான் அந்தக் கூர்லாந்து. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய அந்த நினைவைத் தேடி ஒருவர் மரமும் துணியுமான விமானத்தில் போகிறார். போகவும் வரவுமாகக் கிட்டத்தட்ட 19,000 கிலோமீட்டர். திரும்பி வந்து 1934இல் அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். 1936இல் இன்னொரு விமானம் கட்டி டோக்கியோ கிளம்பினார். அந்தப் பயணத்தில் இந்தியாவையும் தொட்டுப் போனார்.

சுக்குர்ஸ் என்றால் லாத்விய மொழியில் சர்க்கரை. இதை நீங்கள் எழுதவில்லை, நான்தான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அன்று முழுக்க அவரைச் 'சர்க்கரை மாமா' என்றே கூப்பிட்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்துப் பதினைந்து பிள்ளைகளை வைத்து வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். மாடியில் ஓலைக் கொட்டகை, ஒரு பாய், இரும்பு அலமாரி ஒன்று, அவ்வளவுதான். உங்கள் புத்தகம் வந்த நாளிலிருந்து அலமாரிக்குள் போனதே இல்லை, கை மாறிக்கொண்டே இருந்தது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளிப் பேச்சுப்போட்டிக்கு 'என் நாயகன்' என்ற தலைப்பில் சுக்குர்ஸை எடுத்துக்கொண்டான். மூன்று வாரம் மனப்பாடம் செய்தான். வீட்டிலிருந்து கொண்டுவந்த மூங்கில் குச்சியையும் காலண்டர் அட்டையையும் வைத்து விமானம் செய்து, இறக்கையில் சிவப்பு மையால் எண் எழுதி எடுத்து வந்தான். பேச்சைச் சொல்லிக் காட்டி முடித்ததும் என்னைப் பார்த்து, "அக்கா, அப்புறம் இவர் என்ன ஆனார்?" என்று கேட்டான்.

உங்கள் அத்தியாயம் அதற்கு ஒரே வரியில் பதில் சொல்கிறது: போருக்குப் பிறகு தென் அமெரிக்காவுக்குக் குடியேறி, சுற்றுலாப் பயணிகளை விமானத்தில் ஏற்றிச் செல்லும் தொழில் நடத்தினார். அதிலும் பொய் எதுவும் இல்லை. ஆனால் 1937க்கும் 1945க்கும் நடுவே ஒன்றுமே இல்லை. 'போருக்குப் பிறகு' என்று எழுதுகிற கை, போரில் என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதவில்லை.

நான் லாத்வியத் தலைநகர் ரீகாவில் இரண்டு ஆண்டு முதுகலை படித்தேன். அதனால்தான் எனக்கு அந்தப் பதில் தெரிந்திருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பையனிடம் பொய் சொன்ன ஆளாகியிருப்பேன்.

இரண்டாம் உலகப்போரின்போது, 1941 ஜூலை 1 அன்று ஹிட்லரின் ஜெர்மன் படை ரீகாவுக்குள் நுழைந்தது. அடுத்த சில நாட்களிலேயே விக்தோர்ஸ் அராய்ஸ் என்பவர் தலைமையில் ஒரு துணைப்படை உருவானது. எல்லோரும் லாத்வியர்கள், தாமாக வந்து சேர்ந்தவர்கள். அராய்ஸ் படை என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். ஜூலை 4 அன்று ரீகாவின் பெரிய யூதத் தொழுகைக்கூடம் எரிக்கப்பட்டது. அந்தக் கோடையில் இந்தப் படையினர் நீல நிற பஸ்களில் ஊர் ஊராகப் போனார்கள். யூதர்களை ஊருக்கு வெளியே காட்டுக்குக் கூட்டிப்போய்ச் சுட்டார்கள். இந்த ஒரு படையின் கையால் மட்டும் சுமார் 26,000 பேர் செத்தார்கள் என்பது வரலாற்றாளர்கள் தரும் கணக்கு. அந்தப் படையின் அதிகாரிகளில் ஒருவர் ஹெர்பர்ட்ஸ் சுக்குர்ஸ். இதில் யாருக்கும் மறுப்பு கிடையாது. அவர் வாகனங்களைப் பார்த்துக்கொண்டவர்தான் என்று அவருக்காகப் பேசுகிறவர்கள் சொல்வார்கள். என்ன வாகனங்கள், எங்கே போன வாகனங்கள் என்று நாம் கேட்கவேண்டாமா?

நவம்பர் 30, டிசம்பர் 8. 1941இன் இந்த இரண்டு தேதிகளில், யூதர்களை அடைத்து வைத்திருந்த ரீகா யூதர் சேரியிலிருந்து சுமார் 25,000 பேரைப் பத்து கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப்போய் ரும்புலா காட்டில் கொன்றார்கள். இரண்டே நாள். உயிர் தப்பியவர்கள் பலர், சேரியைக் காலி செய்தபோது சுக்குர்ஸை அங்கே பார்த்ததாகவும், அவர் கையால் ஆட்கள் செத்ததைக் கண்டதாகவும் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். மக்களுக்கு அவர் முகம் தெரியும், அதனால் அடையாளம் சொன்னார்கள். காம்பியா போய் வந்த நாயகனின் படம் பத்திரிகைகளில் எத்தனை முறை வந்திருக்கும்! ஜெர்மானியர் வருவதற்கு முன், பாலஸ்தீனம் போய் வந்த கதையை ரீகாவின் யூத மன்றத்திலேயே மேடையேறிப் பேசியவர் அவர். அன்று முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர்களில் எத்தனை பேர் அந்த இரண்டு நாட்களில் ரும்புலாவுக்கு நடந்தார்களோ.

நான் ரும்புலாவுக்கு ஒரு பிப்ரவரியில் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் நெடுஞ்சாலை, லாரி இரைச்சல். சாலை ஓரமாகவே காடு தொடங்கிவிடுகிறது. உள்ளே ஐம்பது அடி நடந்ததும் இரைச்சல் குறைந்துபோகிறது. 2002இல் கட்டிய நினைவிடத்தின் நடுவே யூதர்களின் ஏழு கிளை விளக்கு, சுற்றிலும் கரடுமுரடான கற்கள். கற்களில் பெயர்கள். சில கற்களின் தலையில் பனி தொப்பிபோல உட்கார்ந்திருந்தது. நான் ஒரு கல்லின் பனியைக் கையுறையால் தட்டிவிட்டுப் பெயரைப் படிக்கப் பார்த்தேன், எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் மறுபடி பனி விழுந்தது. மரங்களுக்கிடையே நீள்சதுர மேடுகள் இருந்தன. வயலில் பாத்தி கட்டியதுபோல. அவை என்ன என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அந்த இடத்தில் உயிரோடு தப்பியவர்கள் ஒரு சிலர்தான். அவர்களில் ஒருவர் ஃப்ரீடா மிக்கெல்சன். பனியில் குப்புற விழுந்து செத்தவர்போலக் கிடந்தார். சாகப்போகிறவர்களிடம் கழற்ற வைத்த செருப்புகளை அவர்மேலேயே வீசிக் குவித்தார்கள். அந்தக் குவியல்தான் அவரை மறைத்தது. இருட்டிய பிறகு எழுந்து போனார். பின்னாளில் அதையெல்லாம் எழுதி வைத்தார். எண்பத்தொரு வயது வரலாற்றாசிரியர் சிமோன் துப்னோவ் தப்பவில்லை. டிசம்பர் 8 அன்று ரீகாவிலேயே கொல்லப்பட்டார். எழுதி வையுங்கள், பதிவு செய்யுங்கள் என்று கடைசியாக அவர் சொன்னதாக ஒரு செய்தி வாய்வழியாக வந்திருக்கிறது.

ஆசிரியர் குழுவிலிருக்கும் நீங்கள் எல்லோரும் எழுத்தோடு வாழ்கிறவர்கள், அதனால் இதை உங்களிடம் கேட்கலாம் என்று நினைக்கிறேன். சுக்குர்ஸ் தன் கதையைத் தானே எழுதும் வாய்ப்புப் பெற்றவர். அவர் புத்தகம் அச்சானது, விற்றது, எண்பது தொண்ணூறு ஆண்டு கழித்து அதன் சுருக்கம் தமிழில் நம் பிள்ளைகள் கைக்கே வந்துவிட்டது. ரும்புலாவில் கிடப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த வாய்ப்பு? அவர் எழுதிய பகுதியை மட்டும் எடுத்துப் போட்டு, அவர் எழுதாமல் விட்டதை நீங்களும் விட்டுவிட்டால், இந்தக் கதையில் யாருக்குப் பேச இடம் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

'எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லையே' என்று உங்கள் பதிலில் எழுதியிருந்தீர்கள். உண்மை. அவர்மேல் விசாரணையே நடக்கவில்லை. போர் முடிந்ததும் பிரேசில் போனார். ரியோவில் மிதிபடகு வாடகைக்கு விட்டார், பிறகு சாவ் பாவ்லோவில் விமானத் தொழில். 1965 பிப்ரவரியில் உருகுவே நாட்டில் ஒரு வீட்டுக்கு வரவழைத்து இஸ்ரேல் உளவுத்துறையினர் அவரைக் கொன்றார்கள். அந்தக் கொலையை நான் சரி என்று சொல்லமாட்டேன். அவரைக் கூண்டில் நிறுத்தி, சாட்சிகள் நேருக்கு நேர் நின்று பேசியிருக்கவேண்டும். அந்த வாய்ப்பு அவருக்கும் போனது, சாட்சிகளுக்கும் போனது. ஆனால் விசாரணை நடக்காததால் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? ரும்புலாக் குழிகளின் ஓரத்தில் அவர் நின்றார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்ன வரலாற்றாளரும் உண்டு. அவர் ஒரு யூதப் பெண்ணைக் காப்பாற்றித் தன்னோடு பிரேசில் அழைத்துச் சென்றார் என்பதும் உண்டு. அதையும் எழுதுங்கள். எது உறுதி, எது சாட்சி வாக்கு, எது இன்னும் சர்ச்சை என்று பிரித்துச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும். நம்மைவிட நன்றாகவே புரியும்.

லாத்வியாவிலேயே இதில் சண்டை ஓயவில்லை. 2004இல் அவர் படம் போட்ட தபால் உறைகள் வந்தபோது அந்நாட்டு அரசே கண்டித்தது. 2014இல் அவரைப் பற்றி ஓர் இசை நாடகம் மேடையேறியபோது மறுபடியும் பெரிய விவாதம். சொந்த ஊர்க்காரர்களே நாயகனா கொலைகாரனா என்று இத்தனை ஆண்டாக மோதிக்கொண்டிருக்கிற ஒருவரை, நாம் இங்கிருந்து ஒரு கேள்வியும் இல்லாமல் நாயகன் என்று பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்கிறோம்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்பதுதானே உங்கள் கவலை. நான் சொன்னேன். குழிகளைப் பற்றி விவரிக்கவில்லை. "இவர் தைரியசாலி. கெட்டிக்காரர். பிறகு அவர் ஊரை வேறொரு படை பிடித்தது. ஒரே ஊரில் கூடவே இருந்த யூத மக்களைக் கொல்லுகிற கூட்டத்தில் இவரும் போய்ச் சேர்ந்தார். நிறையப் பேர் செத்துப்போனார்கள். இவர் என்னென்ன செய்தார் என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கோர்ட்டில் விசாரிக்கவே இல்லை." இவ்வளவுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒரு சின்னப் பெண், "விமானம் கட்டத் தெரிந்தவருக்கு இது தப்புன்னு தெரியாதா அக்கா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

அந்தப் பையன் அழவில்லை. அட்டை விமானத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். மறுநாள் மாலை வந்து, "என்கிட்ட முன்னாடியே ஏன் சொல்லல?" என்று கேட்டான். என்னைத்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வி போய்ச் சேரவேண்டிய இடம் உங்கள் அலுவலகம். பேச்சுப்போட்டிக்கு வேறு ஆளைத் தேட அவனுக்கு நான்கு நாள்தான் இருந்தது. அவன் கலந்துகொள்ளவே இல்லை.

அவனுக்கு நான் பிறகு ஜானிஸ் லிப்கே பற்றிச் சொன்னேன். ரீகா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். போர்க்காலத்தில் ஜெர்மன் விமானப்படையின் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வேலையைச் சாக்காக வைத்துச் சேரியிலிருந்து யூதத் தொழிலாளர்களை வெளியே கூட்டிவந்து, கீப்சலா தீவில் தன் வீட்டு விறகுக் கொட்டகைக்கு அடியில் குழி வெட்டி ஒளித்து வைத்தார். அவரும் மனைவி யொஹான்னாவும் துணைக்கு நின்றவர்களுமாகச் சேர்ந்து ஐம்பது பேருக்கு மேல் காப்பாற்றினார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. இருட்டான உள்ளறையில் ஒரு திறப்பு வழியாகக் கீழே எட்டிப் பார்க்கவேண்டும். அடியில், நம் வீட்டுச் சமையலறை அளவு ஓர் இடம், சுவரோரம் படுக்கைப் பலகைகள். நான் அங்கே எவ்வளவு நேரம் குனிந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது. அதே ஊர், அதே ஆண்டுகள், அதே படையெடுப்பு. லிப்கேவுக்கு விமானம் ஓட்டத் தெரியாது, புத்தகம் எழுதவில்லை.

இப்போது நான் கேட்பவை இவை. ஏழாம் அத்தியாயத்தைத் திருத்தாமல் மறுபதிப்பை அச்சுக்கு அனுப்பாதீர்கள். அவரை நீக்கச் சொல்லவில்லை. காம்பியாப் பயணம் நடந்தது, அது இருக்கட்டும். அதோடு 1941 முதல் 1965 வரை நடந்ததை ஒரு பக்கத்தில் சேருங்கள். அராய்ஸ் படை, ரும்புலா, சாட்சிகள் சொன்னது, அவர் தரப்பில் சொல்வது, விசாரணை நடக்காதது, அவர் கொல்லப்பட்டது எல்லாம் வரவேண்டும். இரண்டாம் மின்னஞ்சலில் ஒரு வரைவு அனுப்பியிருந்தேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், என் பெயர் போடவேண்டாம். பிடிக்காவிட்டால் நீங்களே எழுதி, அந்தக் கால வரலாறு தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். பக்கம் போதாது என்றால், அத்தியாயத்தின் முடிவில் 'நீயும் இவரைப் போல ஆக என்ன செய்வாய்?' என்று ஒரு பயிற்சிப் பக்கம் இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள், இடம் கிடைத்துவிடும். எப்படியிருந்தாலும் அந்தக் கேள்வி அங்கே இருக்கவே கூடாது.

முதல் பதிப்புப் படிகள் எந்தெந்த நூலகங்களுக்குப் போயின என்ற பட்டியல் உங்களிடம் இருக்கும். அவற்றுக்கு ஒரு திருத்தத் தாள் அச்சடித்து அனுப்புங்கள். தபால் செலவு பிரச்சினை என்றால் எங்கள் மாவட்டத்துப் பள்ளிகளுக்கு நானும் வாசிப்பு வட்டத்துப் பெற்றோர்களும் நேரில் கொண்டுபோய் ஒட்டிக் கொடுக்கிறோம். வரிசையின் அடுத்த புத்தகத்தில் லிப்கேவுக்கு ஓர் அத்தியாயம் கொடுங்கள் என்றும் கேட்கிறேன். இது வேண்டுகோள்தான், மற்றவற்றைப்போல வற்புறுத்தவில்லை.

மறுபதிப்பு அடுத்த மாதம் 15ஆம் தேதி அச்சுக்குப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு ஒரு வாரம் முன்பாவது எழுத்தில் பதில் தாருங்கள். அந்தப் பையன் இப்போது எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டான், ஞாயிறுதோறும் வருகிறான். உங்கள் பதிலை அவனிடம்தான் முதலில் படிக்கக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் புத்தகங்களை இதுவரை நம்பிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவந்த ஒரு வாசகி